அம்பாங் லைனில் அம்மா நடந்த ஞாயிற்றுக்கிழமை

அம்பாங் பக்கம் எல்ஆர்டி ரயிலில் போய்வரும் என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. குளுகுளுவென்று உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டே போகிறோமே, அந்தப் பாதையில் முன்பு வேறொரு ரயில் ஓடியது நினைவிருக்கிறதா? அது நின்றுபோய், எல்ஆர்டி வருவதற்கு முன்னால் அந்தத் தண்டவாளம் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன்மேல் நடந்தவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் எல்லாரும் நடந்திருக்கிறோம். அப்பா எங்கே போகிறார் என்று பார்ப்பதற்காக நடந்தோம்.

என் பிள்ளைகள் என்னைச் சந்தேகக்காரி என்பார்கள். உண்மைதான். மீன்காரர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் சொல்லி, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். இந்தக் குணம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அம்மாவுக்கு அவருடைய அண்ணனிடமிருந்து, அதாவது என் மாமாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். அப்பாவிடம் அது துளியும் கிடையாது. அதனால்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மாவின் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மாமா ரயில்வே ஆபிசில் பெரிய கிளார்க், வீடு பிரிக்பீல்ட்ஸில். அப்பாவின் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போட வந்தது. அப்பா கேங் மண்டோர், தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் கூட்டத்துக்குத் தலைவர். ஒரே ரயில்வேயில் சம்பளம் வாங்கினாலும் ஆபிசுக்காரர்கள் கேங்குக்காரர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. இவர்கள் இருவரும் எப்படிக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் அம்மா ஒரு கதை சொல்வார், அப்பா இன்னொரு கதை சொல்வார். எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை இல்லை. மாமா ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தார் என்பது மட்டும் தெரியும். என்ன நிபந்தனை என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் புடுவில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். பின்கதவைத் திறந்தால் பழைய லைன் தெரியும். லைன் மூடியதும் அப்பாவுக்குச் செந்தூல் பக்கம் வேலை மாறியது. அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம் ஆரம்பித்தது.

ஞாயிறு காலையில் அப்பா தலைக்குக் குளிப்பார். வெள்ளைச் சட்டை போடுவார். பாசாருக்குப் போய் இலையில் சுற்றிய மல்லிகைப்பூவோடு வருவார். அந்தப் பூ வீட்டுக்குள் வராது. பின்பக்கமாகவே லைனில் இறங்கிப் போய்விடுவார். சாயங்காலம் பூ இல்லாமல் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா வாக்கிங் லா" என்பார். கேங் வேலையில் வாரம் முழுக்க நடக்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை எதற்கு வாக்கிங் போக வேண்டும்?

அம்மா அந்தச் சட்டையை மேஜைமேல் விரித்துப்போட்டு ஆராய்வார். காலரில் குங்குமம். சட்டைக் கையில் ஸ்டவுட் பீர் வாசனை, ஆனால் அப்பா குடிக்காதவர். சுருட்டு வாடை, ஆனால் அப்பா சிகரெட்கூடத் தொடமாட்டார். கால்சட்டை ஓரத்தில் லாலாங் புல்லின் பஞ்சு. அம்மா அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாம்பல் தட்டில் போடுவார். அந்தத் தட்டு எங்கள் வீட்டில் மாமாவுக்காக மட்டும் வைத்திருந்தது.

மாமா சனிக்கிழமைகளில் காரில் வருவார். உட்கார்ந்ததும் காலை ஆட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"தங்கச்சி, பூ வாங்கிற மனுசன் அந்தப் பூவை ஆருக்குக் குடுக்கிறார் எண்டு கேட்டனியே?"

"கேட்டனான். வாக்கிங் எண்டு சொல்லுறார்."

"பூவோட வாக்கிங் போறவரோ? ஸ்டவுட் குடிக்கிற பொம்பிளையளும் இருக்கினம், தெரியுமோ உனக்கு? உண்மையெண்டு தெரிஞ்சால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்திடு."

அம்மா எங்களோடு பேசும்போது எங்களைப் போலத்தான் பேசுவார். மாமா வந்தாலோ கோபம் வந்தாலோ யாழ்ப்பாணம் எட்டிப்பார்க்கும். அந்த மாதங்களில் வாரம் முழுக்கவே எட்டிப்பார்த்தது.

மாமா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ஓடக்கூடாது, சோபாவில் காலைத் தூக்கி வைக்கக்கூடாது. அதுகூடப் பரவாயில்லை. அப்பா இல்லாமல் அங்கே போய் இருக்க வேண்டும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தம்பி அழுதேவிட்டான். டிவி ஏரியலை யார் திருப்புவார்கள் என்று கேட்டு அழுதான்.

வருஷக் கடைசி லீவு, மழைக்காலம். ஒரு ஞாயிறு, அப்பா இறங்கிப் போனதும் அம்மா என்னையும் தம்பியையும் பின்னால் அனுப்பினார். "அப்பா கண்ணில் படக்கூடாது. எங்க போறார், ஆரைப் பாக்கிறார், அவ்வளவுதான்" என்றார்.

எத்தனையோ தடவை அந்த லைனில் விளையாடியிருக்கிறோம். அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. தண்டவாளம் முழுக்கத் துரு. ஈரத்தில் அதன்மேல் கைவைத்தால் உள்ளங்கை ஆரஞ்சு நிறமாகும், கழுவினாலும் இரும்பு வாசனை போகாது. கட்டைகளுக்கு நடுவில் தொட்டாச்சிணுங்கி மண்டிக் கிடந்தது. நாங்கள் மிதித்த இடமெல்லாம் அது சுருங்கியது. முன்னால் அது சுருங்கியிருக்கும் வழியைப் பார்த்து அப்பா இந்தப் பக்கம்தான் போயிருக்கிறார் என்று தம்பி துப்பறிந்தான். எனக்கு அவனைவிட அந்தச் செடிமேல் சந்தேகம். எந்த நாய் ஓடினாலும் சுருங்குமே?

கொஞ்ச தூரத்தில் ஒரு சீனத் தாத்தா இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் கீரை போட்டிருந்தார். பாத்தி மாதிரி அளந்து வைத்த இடம், அவருக்கு அதைவிட வசதி வேறெங்கே கிடைக்கும்? எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மனா பெர்கி?" என்று மலாய்மொழியில் எங்கே போகிறீர்கள் எனக் கேட்டார். அப்பாவைத் தேடுகிறோம் என்று தம்பி உளறிவிட்டான். அவர் அம்பாங் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் எங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்று தோன்றியது.

அதைத் தாண்டி ஒரு பாலம். பெரிய சாக்கடைக்கு மேலே வெறும் தண்டவாளமும் பாதி உளுத்த கட்டைகளும்தான் இருந்தன. கீழே செம்மண் தண்ணீர் சுழித்து ஓடியது. தம்பி பயந்து உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் வெள்ளைச் சட்டை எதிர்ப்பக்க லாலாங்குக்குள் மறைந்தது. திரும்பி வந்தோம்.

வெறுங்கையோடு வரக்கூடாதென்று தம்பி வழியெல்லாம் பொறுக்கியிருந்தான். தலை தட்டிய தண்டவாள ஆணி, பச்சைக் கண்ணாடிச் சில்லு, இனாமல் குவளையின் காது, ஒரு சிவப்புக் கொண்டை ஊசி. அம்மா மற்றதை ஒதுக்கிவிட்டு ஊசியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் காலத்தில் எந்த ரயிலிலிருந்து விழுந்த ஊசியோ! அம்மா அதைத் தன் நகைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பாலத்தைத் தவழ்ந்து கடந்தோம். அந்தப் பக்கம் ஈயம் தோண்டிய குட்டை ஒன்று, அதையொட்டித் தண்டவாளத்தின் ஓரமாகவே தகர வீடுகள். சிக்னல் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். நாங்கள் ஒரு போர்வைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அப்பா கடைசி வீட்டு வாசலில் நின்றார். உள்ளேயிருந்து ஓர் அக்கா வந்தார். அப்பா பூப்பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். இருவரும் வீட்டுக்குப் பின்னால் போனார்கள்.

அதற்குமேல் பார்க்க எனக்குத் துணிவில்லை. பாலத்தை எப்படிக் கடந்தோம் என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்ததைச் சொன்னேன். அம்மா அலமாரிமேலிருந்த பெட்டியை இறக்கி, துடைத்து, எங்கள் சட்டைகளை மடித்து அடுக்கினார். அப்பாவுக்கு ராத்திரி சோறு போட்டார், மீன் வறுத்துக் கொடுத்தார். வாரம் முழுக்க அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அப்பா அதன் மேலேயே படுத்துத் தூங்கினார், ஒன்றும் தெரியாமல்.

மறு ஞாயிறு, அப்பா போனதும் அம்மா பட்டுச் சேலை உடுத்தினார். கையில் குடை. "நானும் வாறன். ரெண்டு கண்ணாலயும் பாத்தாப் பிறகுதான் பெட்டியைத் தூக்குவன்" என்றார்.

அம்மா அந்த லைனில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. தடுக்கி விழுவார், பாலத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் ஆசையாகவும் இருந்தது. அவர் பார்க்காவிட்டால் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருக்கும் அல்லவா? ஆனால் அம்மா கட்டைக்குக் கட்டை காலை வைத்து, குனிந்து பார்க்காமலே விறுவிறுவென்று நடந்தார். ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் என்பதை நான் மறந்துவிட்டேன். பாலம் வந்ததும் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தண்டவாளத்தின்மேலேயே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். சீனத் தாத்தா கீரைப் பாத்தியிலிருந்து கைதட்டினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி வீட்டு வாசலில் யாரும் இல்லை. பின்னாலிருந்து சுருட்டுப் புகை வந்தது. அம்மா குடையை மடக்கி, தடியைப் போலப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார். நாங்களும் போனோம்.

ஓர் ஆலமரம். அதன் அடியில் பழைய ரயில் கட்டைகளை அடுக்கிக் கட்டிய மேடை. மேடையில் ஒரு கறுப்புக் கல், பக்கத்தில் இரும்புச் சூலம். கல்லுக்கு மல்லிகைப்பூ போட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு சுருட்டு தானாகப் புகைந்துகொண்டிருந்தது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸ்டவுட் பாட்டிலை மேடையைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அக்கா கற்பூரத் தட்டோடு நின்றார்.

அம்மா சாமியைப் பார்க்கவில்லை. முதலில் அந்த அக்காவின் தலையைப் பார்த்தார். பூ இல்லை. நெற்றியைப் பார்த்தார். திருநீறு மட்டும் இருந்தது. கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லை.

அப்பா திரும்பினார். பாட்டில் கையிலேயே இருந்தது.

"முனியாண்டியோ?" என்றார் அம்மா. "கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணினீங்களே. அண்ணா முன்னால. இனி முனியாண்டி இல்லை, சுருட்டு இல்லை, சாராயம் இல்லை எண்டு."

மாமாவின் நிபந்தனை அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேங்குக்காரர்களின் சாமி மாமாவுக்குக் கௌரவக் குறைச்சல்.

"பண்ணேன்" என்றார் அப்பா. "பண்ணுன சத்தியத்தக் காப்பாத்தவும் செஞ்சேன். இந்த செக்ஷனுக்கு இவருதான் காவலு. மண்டோர்தான் வெளக்கேத்தணும், அவன் ஏத்தலன்னா வேற யாரும் ஏத்தக் கூடாது. அதுதான் கேங்கு வழக்கம். கல்யாணத்துக்கப்புறம் நான் ஏத்தல. கேங்குல கேட்டாங்க, திட்டுனாங்க, அப்பவும் ஏத்தல. அந்த வருசம்தான் இவங்க வீட்டுக்காரர் ரயில்ல அடிபட்டுப் போயிட்டாரு. தோ, அந்தக் கம்பத்துக்கிட்ட. என் கேங்கு ஆளு."

"விதிங்கக்கா" என்றார் அந்த அக்கா. "நான் அண்ணனை ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவருதான் கேக்க மாட்றாரு."

"அதுக்கப்புறம் ஒரு வாரம்கூட விட்டதில்ல. லைன் ஓடுனப்ப வேலையோட வேலையா ஏத்திட்டுப் போயிடுவேன். இப்ப ஞாயித்துக்கெழமதான் முடியுது" என்றார் அப்பா.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ உங்கண்ணன்கிட்ட சொல்லிடுவே. ரயில்வே நெலத்துல எவன் கோயில் கட்டுனதுன்னு அவர் ஆபிசுல ஒரு வார்த்தை சொன்னா போதும்லா. மறுநாளே வந்து பேத்துடுவாங்க. அப்புறம் இவங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

அம்மா சொல்லிவிடுவார் என்பது உண்மைதான். அந்த அக்கா ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். திரும்பும்போது நாலு பேரும் வரிசையாக நடந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று தெரியாததால் அதை வெளியில் காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமா வந்தார். அம்மா காபி கொடுத்தார். அப்பா பின்பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாத்தனியாம். பிள்ளை சொன்னவன்" என்றார் மாமா. தம்பி வாசலிலேயே உளறியிருந்தான், நல்லவேளை, பாதிதான். "கண்டனியே?"

"கண்டனான்."

"என்ன விசயம்? பொம்பிளையோ, இல்ல வேறெதுவுமோ?"

சைக்கிள் துடைக்கும் சத்தம் நின்றது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். கல் போகும், மேடை போகும். அப்பா என்ன ஆவார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

"பொம்பிளைதான்" என்றார் அம்மா.

அப்பா துணியோடு பின்வாசலுக்கு வந்தார், வாயைத் திறந்தார். "நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றார் அம்மா, திரும்பாமலே. அப்பா போய்விட்டார்.

மாமா கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியில ஆருக்கும் சொல்லிப்போடாத. எங்கட குடும்பத்துக்கு அவமானம்" என்றார். தன்னோடு வந்துவிடச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்குத் தன் அண்ணனைத் தெரியும். சாமி விஷயம் என்றால் ஆபிசெல்லாம் கேட்கிற மாதிரி பேசுவார். பொம்பளை விஷயம் என்றால் வாயை இறுக்கிக்கொள்வார். சாகும்வரை மாமா அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மறுபடி கை நனைக்கவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கல்யாண வீடுகளில் அப்பா உட்கார்ந்த வரிசையில் அவர் உட்காரமாட்டார். ஒரு பாவமும் அறியாத மனிதர், மாமாவின் கண்ணில் ஸ்திரீலோலர் என்ற பட்டத்தோடு பந்தியில் தலைகுனிந்து சாப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அப்பா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. எல்ஆர்டிக்காகப் புல்டோசர் வந்தபோது அந்த அக்கா கல்லைச் சாக்கில் சுற்றி, லோரியில் ஏற்றி, தனக்குக் கிடைத்த பிளாட்டுக்குக் கொண்டுபோனார். அதுவரை ஒரு ஞாயிறும் விளக்கு தவறவில்லை.

மாமா வந்துபோனதற்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் எழுந்து வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் உதிரி மல்லிகை. அப்பா போவதற்குள் விடிகாலையிலேயே பாசாருக்குப் போய் வாங்கிவந்து, தானே கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கட்டி முழங்கையில் வைத்து அளந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னும் நிறைய பூ இருக்கேம்மா. நீளமா கட்டலாமே?"

"கல்லுக்கு இவ்வளவு காணும்" என்றார் அம்மா. "மிஞ்சினால் ஆரோ ஒருத்தியின்ர தலைக்குப் போகும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"கோயிலுக்காகத்தானேம்மா மாமாகிட்ட பொய் சொன்னீங்க?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பூவை இலையில் வைத்து மடித்தார்.

"பொய் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.